மறுமொழி: ‘உறைவுமானி’ – ‘நேரம்’ விடுபடக் கூடாது

நண்பர்களுக்கு வணக்கம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனைதான் ஐ.என்.ஆர். அதற்கும் அதை வீட்டில் பார்க்கும் கருவிக்கும் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> வீட்டில் ஐ.என்.ஆர். பார்க்கும் கருவியைக் ‘குருதி உறைவுமானி’ எனலாம். அது காட்டுவது ‘உறைவு எண்’. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் நல்லதுதான் ஐயா. ஆனால் இந்தச் சொல்லைப் படித்துவிட்டு மாத்திரை விழுங்கப் போகிறவரை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. ‘உறைவு எண் 5’ என்றால் அவர் என்ன நினைப்பார்? இரத்தம் மிகுதியாக உறைகிறது என்றுதானே? உண்மை நேர்மாறு. எண் ஏற ஏற இரத்தம் உறையத் தாமதமாகிறது. கசிவு அபாயம் கூடுகிறது. உறைவு மிகுந்துவிட்டதென்று, உறைதலைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அது மூளைக் கசிவில் கொண்டுபோய் விடலாம்.

கருவி அளப்பது நேரத்தை. கருவியில் செருகும் பரிசோதனைப் பட்டையில் தடவியிருக்கும் திராம்போபிளாஸ்டின் என்னும் பொருள், விரல்நுனித் துளியில் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. உறைய எத்தனை நொடி ஆகிறது என்பதே கணக்கு. பாலுக்கு ஊற்றும் உறைமோரைப் போலத் திராம்போபிளாஸ்டினிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேகம் மாறும். அதனால் ஒரே இரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்களில் இரண்டு நொடிக்கணக்கு வரும். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டி, இயல்பான நேரத்தோடு ஒப்பிடும் ஐ.என்.ஆர். விகிதத்தை 1983இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருந்து எடுக்காத நலமானவருக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: எண்ணுக்கு ‘உறைநேர விகிதம்’, கருவிக்கு ‘உறைநேரமானி’, பட்டைக்கு ‘உறைநேரப் பட்டை’.

> ‘பன்னாட்டு இயல்பாக்க விகிதம்’ இருக்கிறதே?

ஐ.என்.ஆர். என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. ஆனால் எதனுடைய விகிதம் என்று அது சொல்லவில்லையே. அகராதியில் இருக்கட்டும். என் அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதில் இயந்திர வால்வு பொருத்தியிருக்கிறார்கள். மருத்துவர் சொன்ன இலக்கு 2.5 முதல் 3.5 வரை. அம்மா நாற்பது பக்க நோட்டில் தேதி, எண், மாத்திரை, கீரை என்று கட்டம் போட்டு எழுதுகிறார். முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்குமல்லவா, அதற்குத்தான் கடைசிக் கட்டம். அப்படிப்பட்ட நோட்டின் தலைப்பில் எழுதக்கூடிய சொல் வேண்டும்.

> கருவி வாங்கலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்.

கருவிக்கு ஒருமுறை கொடுத்தால் முடிந்தது; பட்டைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரைப் பட்டையைப் போல மலிவும் அல்ல, தெருமுனைக் கடையில் கிடைப்பதும் அல்ல. அதனால் கருவியின் விலையைக் கேட்குமுன், கடலூரிலோ புதுச்சேரியிலோ பட்டையைத் தொடர்ந்து வரவழைத்துத் தரும் கடை உண்டா, காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். 30 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாத பட்டைகள் உண்டு. கத்திரி வெயிலில் நம் ஊரில் அவற்றை எங்கே வைப்பது என்பதும் கேள்வி.

எண் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது, எப்படியும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்றால் அங்கேயே பார்த்துக்கொள்வது சிக்கனம். எண் அடிக்கடி தடுமாறுபவருக்கும், பஸ் ஏற முடியாதவருக்கும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒருநாள் கூலியை இழப்பவருக்கும் கருவி தேவை. பட்டை விலையை அந்தக் கூலியோடும் பஸ் கட்டணத்தோடும் வைத்துப் பாருங்கள். வாங்கியதும் ஆய்வக எண்ணோடு ஒப்பிடுவது கட்டாயம். உயர்ந்த எண்களில் கருவியின் துல்லியம் குறையும். 4க்கு மேல் காட்டினால் மருத்துவரிடம் சொல்லி ஆய்வகத்திலும் பார்த்துவிடுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுப்பு (இரத்தத்தை எளிதில் உறையவைக்கும் நோய்) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

என் முன்மொழிவில் எனக்கே தெரியும் சிக்கல் ஒன்று: அறுவைக்கு முன் பார்க்கும் இன்னொரு பரிசோதனையையும் ‘உறையும் நேரம்’ என்றே எழுதுகிறோம். அது நிமிடத்தில் வரும், இது விகிதம். ‘விகிதம்’ என்ற ஒட்டு இரண்டையும் பிரித்துக்காட்டப் போதுமா? ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து