காது வலி என்று போனேன், பல்லில் போய் நின்றது: மன அழுத்தம் உங்கள் வாயில் என்ன செய்தது?

காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். வலது காதுக்குள் ஒரு குத்தல். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காதில் ஒன்றும் இல்லை, பல் டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அங்கே போனால் சொத்தையும் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த டாக்டரம்மா இரண்டு விரலை என் கன்னத்தில் வைத்து, "பல்லை இறுக்கிக் கடிங்க" என்றார். தசை திரண்டு எழும்பியது. அதன் மேல் லேசாக அழுத்தினார், காதுக்குள் பளீரென்று அதே வலி! தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால்தான் இருக்கிறதாம். அதனால் தாடை நொந்தால் காது வலிக்கிற மாதிரியே இருக்குமாம்.

அப்புறம் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம், அலை அலையாக. கன்னத்தின் உள்பக்கம், பல்வரிசைகள் சேரும் உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. கடைவாய்ப் பற்களின் மேடு தேய்ந்து மொழுக்கென்று கிடந்தது. "வேலையில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆபீஸில் ஆள்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது.

அவர் சொன்னதில் எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது இதுதான்: சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் பல்லோடு பல் படுகிற நேரம் ஒரு நாளைக்குச் சுமார் 20 நிமிடம்தானாம். மேலதிகாரிக்கு ஒரு மெயில் அடித்து முடிப்பதற்குள் என் கணக்கு தீர்ந்துவிடும். இப்போது கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவேன். பாதி நேரம் கடித்துக்கொண்டுதான் இருப்பேன். வேறு யாருக்காவது இப்படி?

* * *

என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்குத்தான் அந்த நறநற சத்தம் தெரியும், அவரைக் கேட்டால் அப்படி எதுவுமே இல்லை என்று சாதிப்பார். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மாமியார் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். மருந்து போனதுதான் மிச்சம். கடைசியில் கடைவாய்ப் பல் அடைப்பு உடைந்த பிறகுதான் ஆள் அசைந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குறட்டை விடுவாரா?" தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் பலர் பல்லையும் கடிப்பார்களாம், எல்லாப் பழியையும் டென்ஷன் மேல் போட்டுவிடக் கூடாது என்றார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

* * *

அக்கா, எனக்குப் பிரச்சினை பல்லில் இல்லை, வாய்ப்புண். தேர்வு அட்டவணை வந்தால் போதும், கீழுதட்டின் உள்பக்கம் முதலில் சுருசுருவென்று எரியும். மறுநாள் கடுகளவு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு வளையம். பேசினால் வலி, பல் தேய்த்தால் வலி. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும், அடுத்த தேர்வுக்குத் திரும்பவும் வரும். "தேர்வு பயம்தானே, போகட்டும்" என்று விட்டுவிடாமல் டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் மூன்றும். எனக்கு இரும்புச்சத்து குறைவு. நுரை வருவதற்காகச் சேர்க்கிற சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பேஸ்ட்டுக்கும் மாறச் சொன்னார், மாறினேன். புண் இன்னும் வருகிறது, ஆனால் முன்பு போல் அடிக்கடி இல்லை. "மூன்று வாரம் தாண்டியும் ஒரு புண் ஆறவில்லை என்றால் டென்ஷன் என்று நீயே முடிவு கட்டாதே, வந்து காட்டு" என்றும் சொல்லி அனுப்பினார்.

* * *

தம்பி, உங்கள் விஷயத்தை வைத்தே ஒரு ஆய்வு உண்டு. நான் பல் மருத்துவம் படித்தவன் என்பதால் மறக்கவில்லை, அதில் மாட்டியது எங்கள் இனம். 1998ல் வெளிவந்தது, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னக் காயம் செய்தார்கள், ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று தேர்வுக்கு முன்னால். அதே ஆள், அதே வாய். தேர்வுக்கு முந்தைய காயம் ஆற 40% கூடுதல் நாள் பிடித்தது. பல் பிடுங்கிய இடம், ஈறு சிகிச்சை செய்த இடமெல்லாம் சிலருக்கு ஏன் இழுத்தடிக்கிறது என்று யோசிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்கு ஈறு நுனி அழுகி, இரத்தம் கசிந்து, வாய் நாறும் நோய் கூட்டமாக வந்தது. தூக்கமின்மை, பயம், புகை, பல் தேய்க்க வழியில்லாமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் வருகிற வியாதி. இப்போது அபூர்வம். ஆனாலும் தேர்வு நேரத்தில் சரியாகச் சாப்பிடாமல், சிகரெட்டை ஊதிக்கொண்டு கண்விழிக்கிற பையன்கள் யாராவது ஈறு வலி என்று வந்தால், வாயைத் திறக்கச் சொல்லும்போதே அது என் மனதில் வந்துவிடும்.

* * *

என்னுடையது சத்தமில்லாமல் நடந்தது. அம்மா படுக்கையில் இருந்த காலம். ராத்திரி பல் தேய்ப்பது எப்போது நின்றது என்றே தெரியாது. கண்விழித்திருக்க இனிப்பு டீ, கூடவே பிஸ்கட். அதற்குள் எனக்கே மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். மாத்திரை என்னைத் தூக்கி நிறுத்தியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாய் காய்ந்துபோனது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ஆரோக்கியமான ஒருவருக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஒரு நாளில் சுரக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அமிலத்தைக் கழுவுவதும் எனாமலுக்குக் கால்சியம் கொடுப்பதும் அதுதான். அது வற்றியதும் ஈறை ஒட்டிய இடத்தில், வழக்கமாகச் சொத்தை வராத முன்பற்களில்கூட, வரிசையாகச் சொத்தை.

பல் டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதற்காகவே அவரிடம் திரும்பப் போனேன். ஃபுளோரைடு அதிகமுள்ள பேஸ்ட், சர்க்கரையில்லாத சூயிங் கம், பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் வாய் காய்வதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன், அளவை மாற்றிக் கொடுத்தார். இந்த வகை மாத்திரைகளில் சில, பல் கடிப்பதையும் கிளப்பிவிடுமாம். முதலில் எழுதிய அக்காவுக்குப் பயன்படலாம் என்று சொல்கிறேன்.

* * *

நான் மாத்திரை எதுவும் எடுக்கவில்லைங்க, இருந்தாலும் நல்ல தகவல். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

நைட் கார்டு, அதாவது ராத்திரி தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற உறை, பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: பல் அளவெடுத்துச் செய்த கெட்டி வகைதான் போடுகிறேன். கடிப்பது நிற்கவில்லை, பல்லுக்குப் பதிலாக அது தேய்கிறது. வலது பக்கம் ஏற்கெனவே பள்ளம் விழுந்துவிட்டது. காலைத் தலைவலி மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. கடையில் விற்கிற ரப்பர் மாதிரியான மெத்து வகை, சிலருக்கு மென்றுகொண்டே இருக்கத் தோன்றுமாம், அதனால் டாக்டர் வேண்டாம் என்றார். காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெந்நீர் கூடாது, வளைந்துவிட்டால் அப்புறம் பல்லில் உட்காராது.