டிஆர்எல்-க்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

செங்கோட்டை, ஐடிஐ ஆசிரியர்:

குழுமத்தாருக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய மகிந்திரா ஜீப்பில் டிஆர்எல் (டேடைம் ரன்னிங் லைட்) மாட்டுவது எப்படி என்று. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். தாள் முழுக்கத் தமிழாகிவிட்டது, தலைப்புதான் இடிக்கிறது.

பொருள் இதுதான். வண்டியின் முகப்பில் இரண்டு வெள்ளை விளக்கு. சாவியைத் திருப்பினால் தானே எரியும், ஹெட்லைட் போட்டால் தானே அணையும். நமக்குச் சாலையைக் காட்ட அல்ல, எதிரே வருகிறவன் கண்ணில் நாம் பட. ஐநாவின் 87ஆம் விதிமுறைப்படி ஒரு விளக்கின் வெளிச்சம் நேர் எதிரே 400 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது, எந்தத் திசையிலும் 1200ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் 2011 பிப்ரவரி முதல் புதுக் கார் மாடல்களுக்கு இது கட்டாயம். நமக்குக் கட்டாயமில்லை, ஆனால் தேவை. புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும்போது சாரலில் ஒரு சாம்பல் நிற ஜீப் எப்படிக் காணாமல் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'பகல்நேர இயங்கும் விளக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளக்கு எங்கே இயங்குகிறது?

புனலூர்:

பகலோட்ட விளக்கு. வேலை முடிந்தது.

தென்காசி, பட்டறை:

முடியவில்லை அண்ணாச்சி. எங்கள் பக்கம் ரன்னிங் லைட் என்றால் கோயில் கொடைக்குக் கட்டுகிற சீரியல் செட். ஒன்று அணைய ஒன்று எரிய ஓடுமே, அது. ஓட்ட விளக்கு என்று அச்சில் போட்டால் பையன் லாரி முகப்பில் ஓடுகிற கலர்ப் பட்டையை வாங்கி ஜீப்பில் ஒட்டிவிடுவான். அதோடு கேரளாவுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஓட்டம் என்றால் எது ஓட்டம், இன்ஜினா வண்டியா? இந்த விளக்கு எரிய இரண்டுமே வேண்டாம், சாவி திரும்பியிருந்தால் போதும். வயரிங்கைப் பார்த்தாலே விளங்கும். ரிலே என்பது கரண்ட் வந்தால் தானே மாறுகிற சுவிட்ச், எண்ணெல்லாம் அதன் பின்களுக்கு. ஐந்து பின் ரிலேயில் 30க்குச் சாவி வழி வருகிற கரண்ட், நடுவில் ஒரு பியூஸ். 87ஏ-யிலிருந்து விளக்குக்கு. 85 பாடி எர்த். 86க்கு ஹெட்லைட் வயர். அதை டிப் சுவிட்சுக்கு முன்னால் எடுக்கணும், பின்னால் எடுத்தால் டிம்முக்கு அணையும், பிரைட்டுக்கு எரியும். ஹெட்லைட் போட்டதும் ரிலே இழுத்து 87ஏ-யை விட்டுவிடும். இதில் ஓட்டம் எங்கே வருகிறது?

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஓட்டத்தை விட்டது நல்லது. பகலையும் விடுங்கள் என்கிறேன்.

பகல் என்பது பகு என்னும் அடியில் பிறந்தது. பகுத்தல், பாதி, பங்கு எல்லாம் ஒரே குடும்பம். நுகத்தடியின் நட்டநடுவில் நின்று அதை இரண்டாகப் பகுக்கிற ஆணிக்கும் பகல் என்றே பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்பது அந்த ஆணியை வைத்துத்தான். ஆக, வண்டித் தொழிலில் பகல் என்ற சொல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டாக ஓர் உறுப்புப் பொருள் இருக்கிறது. அதே தொழிலில் விளக்குக்கும் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கட்டலாமா?

எல் என்று ஓர் அருமையான சொல் கிடக்கிறது. 'எல்லே இலக்கம்' என்று தொல்காப்பியர் இடையியலில் சொல்கிறார். இலங்குதல், ஒளிர்தல். எல் என்றால் ஒளி, எல் என்றால் பகல். ஒரே சொல்லில் இரண்டு வேலை. எல்விளக்கு என்று வையுங்கள்.

தென்காசி, பட்டறை:

ஐயா, நுகத்தடி வைத்த ஜீப் இதுவரை பட்டறைக்கு வந்ததில்லை. எல்விளக்கு என்று எழுதினால் எல்இடி விளக்கில் இடியை அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பான்.

பாலக்காட்டுச் சித்தூர், மொழிபெயர்ப்பாளர்:

அதோடு, எல்லி என்றால் அகராதியில் பகலும் உண்டு, இரவும் உண்டு. அந்த ஆபத்து எதற்கு ஐயா?

பகலை விட வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருக்கிறது. மலையாளத்திலும் பகல். தெலுங்கில் பகலு. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹகலு. செங்கோட்டைச் சாரின் வகுப்பில் பாதிப் பேர் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயும் புரியும்.

என் முன்மொழிவு: பகல் தெரிவிளக்கு. நாம் பார்க்க அல்ல, நாம் தெரிய. இந்த விளக்கின் வேலை முழுதும் அந்தத் 'தெரி'யில் இருக்கிறது.

ஆந்திரச் சித்தூர்:

இன்னொரு சித்தூரிலிருந்து வழிமொழிகிறேன். பகலு இங்கேயும் அதேதான்.

பாளையங்கோட்டை:

தெரிவிளக்கு நல்ல வினைத்தொகை, மறுக்கவில்லை. ஆனால் பகல் தெரிவிளக்கு என்று பிரித்துப் போட்டுத் தப்பிக்க முடியாது. லகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும். பகற்றெரிவிளக்கு. அப்படி எழுதுவதானால் என் ஒப்புதல் உண்டு.

செங்கோட்டை:

ஐயா, கரும்பலகையில் பகற்றெரிவிளக்கு என்று எழுதிவிட்டு நான் திரும்புவதற்குள் வகுப்பு காலியாகிவிடும்.

பாளையங்கோட்டை:

கற்றரை, கற்றீமை எல்லாம் படித்துத்தானே வந்தோம். போகட்டும். 'எல்லையும் இரவும்' என்றால் சங்கத் தமிழில் பகலும் இரவும். எல்லை விளக்கு என்றாவது வையுங்கள். செங்கோட்டைக்குப் பொருத்தமாகவே இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கந்தானே?

(இதற்கு மேல் மாநிலப் பிரிப்பு, தேவிகுளம், பீர்மேடு என்று போன மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

புனலூர்:

பகல் விளக்கு என்றே விட்டால் என்ன? எழுதுகிறவனுக்கும் கஷ்டமில்லை, படிக்கிறவனுக்கும் கஷ்டமில்லை.

ஆந்திரச் சித்தூர்:

பட்டப்பகலில் விளக்குப் பிடிக்கிறவனை ஊர் என்ன சொல்லும்? கேலிச் சொல்லாக ஒலிக்காதா?

பாளையங்கோட்டை:

ஒலிக்காது. பகல் பந்தம் பிடிப்பது ஒரு காலத்தில் விருது. குடை, கொடி, பகல் பந்தம் என்று வரிசை வாங்கியவர்கள் உண்டு. பெரிய மனிதர் வருகிறார், ஒதுங்கு என்று எதிரே வருகிறவனுக்குச் சொன்னது அந்தப் பந்தம். நினைத்துப் பார்த்தால் வேலை இதே வேலைதான். இதை என் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாலக்காட்டுச் சித்தூர்:

எனக்கு ஒரு சிக்கல் தீரவில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் வருகிற புது பைக் எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க சுவிட்சே கிடையாது. இன்றைக்கும் எதிரே வருகிறவர் கையை விரித்து விரித்து மூடி 'லைட் எரியுது' என்று சைகை காட்டிவிட்டுப் போகிறார். அதுவும் பகலில் எரிகிற விளக்குதான், ஆனால் டிஆர்எல் அல்ல. அது ஹெட்லைட்டேதான், இது தனி விளக்கு. பகல் விளக்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அதற்கும் இதற்கும் வேறுபாடு எப்படிக் காட்டுவது?

தென்காசி, பட்டறை:

அக்கா சொல்வது சரி. 60/55 வாட் ஹெட்லைட்டைப் பகலெல்லாம் எரியவிட்டால் பழைய ஜீப்பில் பேட்டரி தாங்காது. சில வாட் எல்இடியை மாட்டச் சொல்வதே அதனால்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பையன் சுலபமான வழியைப் பிடித்து ஹெட்லைட்டையே சாவி லைனில் போட்டுவிடுவான்.

செங்கோட்டை:

வியாழக்கிழமை இரவு ஆகிவிட்டது. பகல் விளக்குக்கு ஆதரவு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன், அல்லது களைத்துப்போனவர்கள் அதிகம். தலைப்பு: 'பழைய ஜீப்பில் பகல் விளக்கு பொருத்துதல்'. முதல் பத்தியில் 'டிஆர்எல் எனப்படும் பகல் விளக்கு' என்று ஒருமுறை. 'இது ஹெட்லைட் அல்ல' என்று கட்டம் கட்டிப் போடுகிறேன். பட்டறை அண்ணாச்சி, அந்த ரிலேப் படத்தைக் கையால் வரைந்து காலைக்குள் அனுப்புங்கள்.

பாலக்காட்டுச் சித்தூர்:

கட்டம் கட்டி விளக்க வேண்டியிருக்கிறது என்றால் சொல் இன்னும் அமையவில்லை என்றுதானே பொருள்? அடுத்த பதிப்பில் தெரிவிளக்கைப் பாருங்கள் சார், பகல் இல்லாமல் தனியாகவே. அப்போது றகரமும் வராது.

பாளையங்கோட்டை:

பகல் இல்லாமல் தெரிவிளக்கு என்றால் பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கும் தெரிவதற்குத்தானே அம்மா?