புதுப்பிப்பு: மழை வந்தாலே தூங்காத அம்மா, கடைசியில் எது உதவியது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதுசா படிக்கிறவங்களுக்கு: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதிலிருந்து வானம் இருட்டினாலே 71 வயசு அம்மா ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை டப்பா எல்லாத்தையும் பாலிதீன் பையில் கட்டி மடியில் வச்சுக்கிட்டு விடிய விடிய கட்டிலில் உட்கார்ந்திருப்பாங்க. யார்கிட்ட காட்டலாம்னு கேட்டிருந்தேன்.

முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரைதான். எங்க பிரச்சினையோ நடுராத்திரி. ஒருத்தர் சொன்ன டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண் 14416, அதுதான் கைகொடுத்தது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அம்மா போனைத் தொடவே இல்லை, "எனக்கென்ன பைத்தியமா?" வீட்டு ஆளுங்களும் பேசலாம் என்பதால் நானே பேசினேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாங்க. "தூக்கத்துக்கு டாக்டர்" என்று சொல்லித்தான் ஆட்டோவில் ஏத்தினேன். பாதிப் பொய்தான்.

எதிர்பாராதது: ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு. சோர்வுக்கும் மந்தத்துக்கும் அதுவும் ஒரு காரணமாம். நானா கடையில் வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரைக்கு எனக்கு நல்ல திட்டு. வயசானவங்க தடுமாறி விழுந்துடுவாங்களாம்.

இப்போ ஏழு வாரம். தைராய்டு மாத்திரை, மாசம் இரண்டு கவுன்சலிங். போன வாரம் மழைக்கும் பையைக் கட்டினாங்க. ஆனா கட்டிலுக்கடியில் தள்ளிட்டுப் படுத்துட்டாங்க.