ஆட்டுக் காதில் எடுத்த மதுவம் (ஈஸ்ட்): புதிய இனமா?
(மூவரின் உரையாடல்; ஒவ்வொருவரும் இடப்பெயரால் குறிக்கப்படுகின்றனர்.)

வெள்ளவத்தை:
ஆடுகளின் வெளிக்காதில் பஞ்சுத்துடைப்பால் எடுத்த மாதிரிகள். நுணுக்குக்காட்டியில் அகன்ற அடியோடு அரும்பும் கலங்கள் ஏராளம், ஆனால் பூஞ்சைகளுக்கான பொது வளர்ப்பு ஊடகமான சபரோ ஏகாரில் ஒன்றும் வளரவில்லை. துடைப்பிலிருந்தே நேரடியாக எடுத்த ஐ.டி.எஸ். (பூஞ்சை இனங்களை அடையாளங்காண உதவும் டி.என்.ஏ. பகுதி) வரிசை, தரவுத்தளத்தில் 94 வீதம்தான் பொருந்துகிறது. புதிய இனம் என்று எழுதலாமா?

தெமட்டகொட:
இப்போது வேண்டாம். ஒரே காதில் இரண்டு மூன்று இனங்கள் இருக்கும். நேரடி வரிசையில் அவை கலந்து, இல்லாத ஒன்றைக் காட்டும். முதலில் வளர்த்தெடுங்கள்.

அடையாளங்களைப் பார்த்தால் இது விலங்குத் தோலில் வாழும் மதுவப் பேரினமான மலசீசியா. அதில் பாக்கிடெர்மாட்டிஸ் தவிர்ந்த இனங்கள் கொழுப்பில்லாமல் வளராது, அதனால்தான் சபரோ வெறுமையாக இருக்கிறது. கொழுப்புச் சேர்ந்த ஊடகமான திருத்திய டிக்சன் ஏகார் ஊற்றுங்கள். ஒரு லீற்றருக்கு மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் 36 கிராம், பெப்டோன் 6, ஒக்ஸ் பைல் (மாட்டுப் பித்தம்) தூள் 20, ஏகார் 12. ட்வீன் 40 பத்து மில்லிலீற்றர், கிளிசரோலும் ஒலெயிக் அமிலமும் இரண்டிரண்டு. பி.எச். 6. குளோரம்பெனிக்கோல் 50 மில்லிகிராமும் சைக்ளோஹெக்சிமைட் 500 மில்லிகிராமும் கட்டாயம். கொழும்பு ஈரப்பதத்தில் இவை இல்லாவிட்டால் பற்றீரியாவும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். 32–34 பாகையில் ஏழு நாளாவது வையுங்கள். தட்டு காயாமலிருக்கச் சொப்பிங் பையில் சுற்றுங்கள். தனிக் கூட்டமொன்றை எடுத்து மூன்று முறை கீறித் தூய்மையாக்குங்கள்.

கொட்டாஞ்சேனை:
டி.என்.ஏ. எடுக்கும்போது, கலச்சுவர் தடிப்பு என்பதால் நொதியம் மட்டும் போதாது. ஊடகத்து எண்ணெயை இரண்டு முறை கழுவிவிட்டு, 0.5 மில்லிமீற்றர் கண்ணாடி மணிகளோடு அடித்து உடையுங்கள். பிறகு என்.எல்.1, என்.எல்.4 முதலிகளால் (டி.என்.ஏ. பெருக்கத்தைத் தொடக்கும் துண்டுகள்) டி1/டி2 என்ற ரைபோசோம் மரபணுப் பகுதியை வரிசைப்படுத்துங்கள், ஏறத்தாழ 600 காரங்கள். 1 வீத வேறுபாடு என்றால் வேறு இனம் என்ற கணக்கு 1998இல் அஸ்கோமைசீற்று மதுவங்களுக்கு வந்தது. மலசீசியாவோ பசிடியோமைசீற்று என்ற வேறொரு பூஞ்சைப் பிரிவு, அந்த எல்லையை அப்படியே போடக்கூடாது. ஐ.டி.எஸ். வரிசையின் எத்தனை பகுதி பொருந்தியது என்பதையும் பாருங்கள். ஆடுகளிலிருந்தே 2007இல் விபரிக்கப்பட்ட மலசீசியா கேப்ரேயின் வகைமாதிரியோடு (இனப்பெயருக்கு ஆதாரமான மாதிரி) ஒப்பிடாமல் எதையும் சொல்லவேண்டாம்.

வெள்ளவத்தை:
நன்றி. ஒரு தனியன் (பிரித்தெடுத்த தூய வளர்ப்பு) போதுமா? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

தெமட்டகொட:
4 பாகையில் செத்துவிடும். கிளிசரோலில் −80இல் வையுங்கள். அதுவரை மாதமொருமுறை மறுவளர்ப்பு. ஒரே ஆட்டின் ஒரு தனியனை வைத்து இனத்துக்குள் உள்ள மாறுபாட்டை அறியமுடியாது. வேறு மந்தைகளிலும் தேடுங்கள். பீற்றா டியூபியூலின் போன்ற இன்னொரு மரபணுவும் பரிணாம உறவு மரத்தில் அதே கிளையைக் காட்டவேண்டும். பெயர் வைக்கும் கட்டத்தில் வகைமாதிரியை உறைந்த அல்லது உறைஉலர்ந்த செயலற்ற நிலையில் சேகரிப்பகத்தில் வைத்து, அப்படி வைத்ததை விபரிப்பிலும் எழுதுங்கள். மைக்கோபாங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகமொன்றின் பதிவெண்ணும் தேவை. இவை இல்லாத பெயர் செல்லாது.