நம்ம பேர்லயே இன்னொருத்தன் மேல கேஸ் இருந்தா?

புதுசா வந்தவன்:
டல்லாஸ் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அபார்ட்மெண்ட்டுக்கு அப்ளை பண்ணேன், பேக்ரவுண்ட் செக்ல எவிக்‌ஷன் கேஸ் இருக்குன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இங்க நான் இன்னும் வாடகைக்கே போகல, ஃபிரெண்டு ரூம் சோபாவுல படுத்துட்டு இருக்கேன், அதுக்குள்ள காலி பண்ண சொல்லி கேஸா? பேரு செந்தில் குமார். என்ன பண்றது அண்ணே?

பழைய பெருச்சாளி:
தம்பி, டென்ஷன் ஆகாத, அது வேற ஒரு குமாரு. ஊர்ல கிளாஸ்ல மூணு செந்தில் இருந்தா கே.செந்தில், எம்.செந்தில்னு இனிஷியல வச்சு பிரிச்சுருவாங்க, இங்க வர்ற அவசரத்துல பேரை ரெண்டா ஒடச்சு குமாரை லாஸ்ட் நேம் ஆக்கிடறோம், இனிஷியல் காணாம போயிடுது, வடக்க இருந்து வந்த குமாரெல்லாம் நமக்கு பங்காளி ஆயிடறான்.

வாடகை கேஸ் ரெக்கார்டுல எஸ்எஸ்என், அதான் சோஷியல் செக்யூரிட்டி நம்பர், இருக்காது, பல இடத்துல பொறந்த தேதி கூட இருக்காது, பேரும் அட்ரஸும்தான். செக் பண்ற கம்பெனி அதை பேரை மட்டும் பாத்து உன் மேல ஒட்டிருப்பான்.

லீசிங் ஆபீஸ்ல போய் சண்டை போடாத, அந்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எந்த கம்பெனி ரிப்போர்ட்னு எழுத்துல கேளு, சொல்லியே ஆகணும், சட்டம். 60 நாளுக்குள்ள கேட்டா அந்த ரிப்போர்ட் காப்பி ஃப்ரீ. அதுல கேஸ் நம்பர், தேதி, அட்ரஸ் பாரு. அப்புறம் இது நான் இல்லன்னு அந்த கம்பெனிக்கு டிஸ்ப்யூட் போடு, பாஸ்போர்ட், விசா, ஐ-94 டிராவல் ஹிஸ்டரி (அமெரிக்காவுக்கு எப்ப வந்த, எப்ப போனங்கற ரெக்கார்டு) எல்லாம் சேத்து அனுப்பு, போன்ல மட்டும் பேசிட்டு விட்டுடாத. பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். அந்த வீடு போச்சுன்னே வச்சுக்கோ, ஆனா அடுத்த வீட்டுக்கும் இதே ரிப்போர்ட்தான் போகும், அதனால விடாத.

கையோட ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் போய் கடன் கணக்கு வச்சிருக்கற மூணு கிரெடிட் பீரோ கம்பெனியிலயும் உன் ரிப்போர்ட்டை பாத்துடு, வாரம் ஒரு தடவ ஃப்ரீ. என் ரிப்போர்ட்ல எவனோ வாங்குன போட் லோன் உக்காந்திருந்துச்சு. எனக்கு நீச்சலே தெரியாது! அது போக நாலு மாசம் ஆச்சு.

2011ல கலிபோர்னியாவுல செர்ஜியோ ராமிரெஸ்னு ஒருத்தர் கார் வாங்கப் போனாரு, நீ டெரரிஸ்ட் லிஸ்ட்ல இருக்கேன்னு விக்க மாட்டேன்னுட்டாங்க, கடைசில அவரு பொண்டாட்டி பேர்ல வாங்குனாங்க. அந்த மூணு பீரோவுல ஒண்ணான டிரான்ஸ்யூனியன்காரன் ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம் மட்டும் பாத்து மேட்ச் பண்ணதுதான் காரணம். இப்படி மாட்டுனவங்க 8,185 பேர், கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2021ல, யாரோட ரிப்போர்ட் வெளியாளுக்குப் போச்சோ அந்த 1,853 பேருக்குத்தான் நஷ்டஈடு கேக்க ரைட்ஸ் இருக்குன்னுட்டாங்க. மத்தவங்களுக்கு நாமம். அதான் சொல்றேன், யாருக்கு எப்ப ரிப்போர்ட் போச்சுங்கற மெயில் ஒண்ணையும் டெலிட் பண்ணாத.

ஸ்கார்பரோ அக்கா:
கனடாவில இன்னொரு விதம் தம்பி. பிள்ளையளோட வேலை செய்யப் போனா பொலிஸ் செக் கேப்பினம். அதில பேர் ஒத்துப்போகத் தேவையில்லை, பிறந்த திகதியும் ஆணா பெண்ணா எண்டதும் மன்னிப்புக் கிடைச்ச ஒரு பாலியல் குற்றவாளியின்ரயோட பொருந்தினாலே கைரேகை கேப்பினம், ஏனெண்டா பேரை மாத்திப்போட்டு வருவினம் எண்டு. என்ர மனுசனைக் கூப்பிட்டவை, இரவு முழுக்க நித்திரை இல்லை. ஒண்டுமில்லை, ரேகை குடுத்தாச் சரி.

பழைய பெருச்சாளி:
ஏர்போர்ட்ல அடிக்கடி ஓரங்கட்டுனா டிஎச்எஸ் டிரிப்ல (இந்த மாதிரி குழப்பத்துக்கு அமெரிக்க அரசாங்கத்துகிட்ட புகார் குடுக்கற இடம்) அப்ளை பண்ணுங்க, ரிட்ரெஸ் நம்பர்னு ஒண்ணு தருவாங்க, டிக்கெட் போடும்போது அதை போட்டுக்கலாம். அப்புறம் லைசென்ஸ், பேங்க், லீஸ் எல்லாத்துலயும் ஒரே ஸ்பெல்லிங், ஒரு எடத்துல செந்தில்குமார்னு சேத்து இன்னொரு எடத்துல பிரிச்சு எழுதாத.

புதுசா வந்தவன்:
ரிப்போர்ட் வந்துருச்சுண்ணே. கேஸ் 2019ல ஹூஸ்டன்ல. அப்ப நான் கோயம்புத்தூர்ல செகண்ட் இயர், பாஸ்போர்ட்டே எடுக்கல. பாஸ்போர்ட் இஷ்யூ டேட்டை வட்டம் போட்டு அனுப்பிட்டேன்.