24 அடி பைபர் வள்ளம்: பின்பக்கம் அமுங்குது, பின்பலகையில் என்ன சேர்க்கலாம்?

கூடுதாழை வள்ளம்:

வணக்கம் அண்ணாச்சிமாரே. வள்ளம் 24 அடி பைபர், எஞ்சின் 9.9 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, லாங் ஷாஃப்ட். ரெண்டு ஆள் மட்டும் ஏறினா ஜி.பி.எஸ்.ல மணிக்கு 15 கிலோமீட்டர் காட்டுது. நாலு ஆள், வலை, ஐஸ் பெட்டி, 25 லிட்டர் கேன் ரெண்டு ஏத்தினா 11-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. முழு த்ராட்டில் கொடுத்தா பின்பக்கம் அமுங்கி அணியம் (முன்முனை) தூக்கிடுது, முன்னால மிதக்குற வலைக்கட்டை கண்ணுக்குத் தெரியல. எஞ்சின் காலைச் சுத்தி தண்ணி பீய்ச்சி அடிச்சு ஆளை நனைக்குது.

பின்பலகையில் நாமளே ஏதாவது சேர்த்துச் சரி பண்ணலாமா? நாலு யோசனை காதுல விழுது: அடியில் ஆப்பு மாதிரி பைபர் வைக்கிறது, பின்னால அலுமினியத் தகடு மாட்டுறது, எஞ்சினோட கேவிட்டேஷன் பிளேட்டில் (புரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டைத் தகடு) பிளாஸ்டிக் இறக்கை மாட்டுறது, பின்பலகையையே ஒரு அடி நீட்டுறது. எது நம்ம கரைக்குத் தாங்கும்? துறைமுகம் கிடையாது, தினமும் மணலில்தான் ஏத்தி இறக்குறோம்.

வாடைக்காத்து:

தம்பி, முதல்ல அந்த 11 கிலோமீட்டர் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. வள்ளம் தண்ணியில் தொடுற நீளத்தை அடியில் எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினா நாட் கணக்கில் வேகம் வரும். உங்களுக்கு 22 அடின்னு வச்சா 6.3 நாட், அதாவது மணிக்கு 11.6 கிலோமீட்டர். வள்ளம் தானே எழுப்புற அலைக்குள்ள தானே மாட்டிக்கிடுற வேகம் அது. அதைத் தாண்டணும்னா முன்னலை மேல ஏறணும். முழுச் சுமையோட ஏற 9.9 எச்.பி.க்குத் தெம்பு பத்தாது. அதனால எதை மாட்டினாலும் சுமையோட 15 கிடைக்கும்னு நினைக்காதீங்க. அணியம் இறங்கும், தண்ணி அடிக்கிறது நிக்கும், பெட்ரோல் மிச்சமாகும். இந்த மூணுக்காக வேலை பார்த்தா கைமேல பலன் உண்டு.

துளை போடுறதுக்கு முன்னால மூணு அளவு எடுத்துப் போடுங்க.

ஒண்ணு, வள்ளத்தோட அடியில் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை வச்சு பின்னால நீட்டுங்க. எஞ்சின் நேரா நிக்கும்போது கேவிட்டேஷன் பிளேட் அந்தச் சட்டத்துக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கு? ரெண்டு, எஞ்சின் எவ்வளவு சாயணும்னு நிறுத்துற டில்ட் பின் எந்த ஓட்டையில் இருக்கு? மூணு, பின்பலகையும் அடியும் சேருற விளிம்பு கூரா இருக்கா, உருண்டு போச்சா? விரலால தடவிப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

கூடுதாழை வள்ளம்:

அளந்துட்டேன் அண்ணாச்சி. பிளேட் இரண்டரை அங்குலம் கீழே நிக்குது. டில்ட் பின் மூணாவது ஓட்டை. விளிம்பு நல்லாவே உருண்டிருக்கு, ஒரு ரூபாய்க் காசோட வளைவு அளவுக்கு.

வாடைக்காத்து:

பாதி வியாதி அங்கேயே இருக்கு.

பிளேட் இரண்டரை அங்குலம் ஆழத்தில் போனா, எஞ்சின் காலோட தடிச்ச பாகம் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வரும். உங்க மேல அடிக்கிற தண்ணி அதுதான். ஆத்து போட்டுக்கு பிளேட்டை அடிமட்டத்துக்குச் சமமா ஏத்திருவாங்க. நம்ம கடலில் அப்படி ஏத்தினா அலை உச்சியில் புரொப்பல்லர் காத்தை இழுத்து எஞ்சின் வெறுமனே கத்தும். அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே வைங்க. அதாவது இப்போ இருக்கிறதை விட ஒன்றரை அங்குலம் ஏத்தணும்.

டில்ட் பின்னை ஒரு ஓட்டை உள்ளுக்குத் தள்ளுங்க. கால் பின்பலகையை நோக்கிச் சாயும், தள்ளுற விசை பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தை இறக்கும். காசு செலவே கிடையாது. ரெண்டு கேனையும் அணியத்துப் பக்கம் எட்டு அடி தள்ளி வைங்க. அது மட்டுமே 40 கிலோ கிட்ட வரும். கேன் தள்ளிப் போறதால நீளமான பெட்ரோல் ஹோஸ் வேணும், 5/16 அங்குல உள்விட்டத்தில் ஒட்டில்லாம ஒரே நீளமா வாங்குங்க, ஒட்டுப்போட்ட இடத்தில்தான் காத்து நுழையும். பம்ப் பல்பில் இருக்கிற அம்புக்குறி எஞ்சினைப் பாத்து இருக்கணும்.

இவ்வளவும் முடிச்சு ஓட்டிப் பாத்த பிறகுதான் ஆப்பைப் பத்திப் பேசணும்.

பைபர் பட்டறை:

அண்ணாச்சி சொன்னது சரி. விளிம்பைப் பத்தி நான் சேர்த்துச் சொல்றேன், நம்ம கரை வள்ளங்களில் யாரும் கவனிக்காத இடம் அது. நம்ம மணலில் கார்னெட் கலந்து கிடக்கு. உப்புத்தாள் செய்யப் பயன்படுற சரக்கு அது. அணியம் முன்னால வச்சு கரையேறும்போது பின்விளிம்பு மணலில் இழுபடும், ஜெல்கோட் (மேல்பூச்சு) போய் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வரைக்கும் தேஞ்சிரும். விளிம்பு கூரா இருந்தா தண்ணி பின்பலகையை விட்டு வெட்டுன மாதிரி பிரியும். உருண்டிருந்தா வளைவை ஒட்டிக்கிட்டு மேல ஏறும், அந்த இடத்தில் உறிஞ்சல் உண்டாகிப் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். நீங்க ஆப்பு வச்சுத் தூக்கப் பாக்குறீங்க, தேஞ்ச விளிம்பு கீழே இழுத்துக்கிட்டிருக்கு.

விளிம்பையும் ஆப்பையும் ஒரே வேலையா முடிக்கலாம். வள்ளத்தைக் கவுத்துப் போட ஆள் கூட்டணும், அதனால ரெண்டு தடவை பண்ண வேண்டாம்.

ஆப்பு அளவு: பக்கத்துக்கு ஒண்ணு. குறுக்கே 12 அங்குலம், முன்பின் நீளம் 10 அங்குலம், பின்விளிம்பில் தடிப்பு முக்கால் அங்குலம், முன்னால பூஜ்ஜியம். சாய்வு நாலு டிகிரி சொச்சம் வரும். நடுக்கோட்டிலிருந்து ரெண்டு பக்கமும் 8 அங்குலம் சும்மா விடணும். ஆப்பு நடுவில் வந்தா கலங்கின தண்ணி புரொப்பல்லருக்குப் போய் பிடி விட்டுரும்.

சரக்கு: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு கிலோ, ஐசோப்தாலிக் ரெசின் மூணு கிலோ. சாதாரண ரெசின் விலை குறைவுதான், தண்ணிக்கு அடியில் கொப்புளம் விடும். அசிட்டோன் ஒரு லிட்டர், 36 நம்பர் கிரைண்டிங் டிஸ்க், சன்மைக்கா ஒட்டின நேர்ப்பலகை ஒண்ணு, மெழுகு.

ஒட்டப் போற இடத்தை விட சுத்தி நாலு அங்குலம் அதிகமா ஜெல்கோட்டைச் சுரண்டி, மங்கலான மேட் தெரியுற வரைக்கும் இறங்கணும். பழைய பைபர் மேல புது பாலியெஸ்டர் ரசாயனமா ஒட்டாது, சொரசொரப்பில்தான் பிடிக்கும். இந்த இடத்தில் சோம்பல்பட்டா ஆப்பு முழுசா பிளந்து கடலில் போயிரும். சுரண்டின பிறகு நல்ல தண்ணியில் உப்பைக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, அசிட்டோனில் துடைச்சு உடனே வேலையைத் தொடங்குங்க.

மேட் கூரான மூலையில் மடியாது, காத்துக் குமிழி விட்டுத் தூக்கிக்கிடும். அதுக்குத்தான் சன்மைக்கா பலகை. மெழுகு பூசி, பின்பலகையோட சேர்த்து கிளாம்பு போட்டு, அடிமட்டத்தை விட முக்கால் அங்குலம் துருத்தி நிக்கிற மாதிரி இறுக்குங்க. அந்தச் சுவரில் முட்டுற மாதிரி மேட்டைப் படிப்படியா அடுக்கணும்: முதல் துண்டு 10 அங்குலம், அடுத்தது ஒன்பதரை, இப்படிக் குறைச்சுக்கிட்டே வாங்க. ஒரு மேட் காஞ்சா கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. பின்விளிம்பில் 18, 19 அடுக்கு வரும். ஒரே மூச்சில் போட்டா சூட்டில் வெந்து வெடிப்பு விடும். நாலஞ்சு அடுக்கு போடுங்க, கை வைக்கிற சூட்டுக்கு இறங்கின பிறகு அடுத்த நாலஞ்சு. கடைசியா சுத்தியுள்ள நாலு அங்குலத்தையும் சேர்த்து மூடி ரெண்டு முழு மேட். நடுவில் விட்ட 16 அங்குலத்துக்கும் ஆப்புக்கு வெளிப்பக்கம் மிஞ்சுற இடத்துக்கும் இதே பலகையை அடிமட்டத்துக்குச் சமமா வச்சு, உருண்ட இடத்தை மட்டும் நிரப்புங்க. மறுநாள் பலகையைக் கழட்டினா கத்தி மாதிரி விளிம்பு நிக்கும். அதை உப்புத்தாள் போட்டு மழுக்கிராதீங்க.

ஹார்டனர் அரை கிலோ ரெசினுக்கு 7 கிராம். கரையில் வெயில் ஏறிட்டா 5 கிராம் போதும், வேலையைக் காலையிலேயே முடிங்க. ஆக்சலரேட்டரையும் (ரெசின் இறுகுறதை வேகப்படுத்துற சரக்கு) ஹார்டனரையும் ஒரு டப்பாவில் நேரடியாச் சேர்க்கவே கூடாது, தீப்பிடிச்சு வெடிக்கும். ஆக்சலரேட்டரை ரெசினில் போட்டு முழுசா கலக்கின பிறகுதான் ஹார்டனர். கண்ணில் ஒரு சொட்டு தெறிச்சாலும் பார்வை போகும், கண்ணாடி போடாம டப்பாவைத் திறக்காதீங்க.

கச்சான்:

பட்டறை அண்ணன் சொன்ன வேலைமுறையில் குறை கிடையாது. ஆனா முக்கால் அங்குலம் எனக்குச் சம்மதமில்லை. உவரி, கூடுதாழை, கூத்தங்குழி எல்லாமே அலை முறியுற இடத்தைத் தாண்டிக் கரையேறுற ஊர். அலை பின்னாலிருந்து தூக்கும்போது ஆப்பும் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கும். அணியம் தண்ணியில் குத்தி அதுவே சுக்கான் மாதிரி ஆயிரும், வள்ளம் குறுக்கே திரும்பும். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்தில் அப்படித் திரும்பினா அடுத்த அலையில் கவிழ்ந்திரும். அரை அங்குலத்தில் நிறுத்துங்க. பத்தலைன்னா மேலும் ரெண்டு மூணு மேட் ஏத்துறது சுலபம், இறக்குறது கஷ்டம். இன்னொண்ணு, வலை வைக்கிற மெதுவான வேகத்தில் ஆப்பு வெறும் இழுவைதான், அதுக்கும் சின்னதே நல்லது.

மத்த மூணைப் பத்தி:

அலுமினியத் தகடு நம்ம கரைக்கு ஒத்துவராது. பின்னால துருத்திக்கிட்டு நிக்கிற எதுவும் மணலில் முதல் இடி வாங்கும். கீல் நசுங்கும், போல்ட் ஓட்டை பெருசாகும், அது வழியா தண்ணி பின்பலகை மரத்துக்குள்ள இறங்கும். அலுமினியத்தில் எஸ்.எஸ். போல்ட் போட்டா உப்புத்தண்ணியில் அலுமினியம்தான் அரிக்கும். துறைமுகத்தில் கட்டிப்போடுற போட்டுக்கு அது சரி.

பிளாஸ்டிக் இறக்கை அணியத்தை இறக்கும், உண்மைதான். ஆனா கேவிட்டேஷன் பிளேட்டில் நாலு ஓட்டை போடணும், அது வார்ப்பு அலுமினியம். கால் மணலில் இடிச்சா ஓட்டையோட விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். அதைவிடப் பெரிய தொல்லை, தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலை அதில் மாட்டும். மாட்டின நூல் புரொப்பல்லருக்குள்ள சுத்தி ஆயில் சீலை அறுத்தா கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்துரும், அதுக்குப் பிறகு செலவு எஞ்சின் கணக்கில் ஏறும்.

பின்பலகையை ஒரு அடி நீட்டுறதுன்னா 40 கிலோ எஞ்சின் இன்னும் ஒரு அடி பின்னால போகுது, அமுங்கல்தான் கூடும். அதைத் தாங்க காத்துப்பெட்டி வேணும். மூணு அடி அகலம், ஒரு அடி நீளம், எட்டு அங்குலம் முங்குற பெட்டி சுமார் 58 கிலோ தாங்கும், கணக்கு சரியா வரும். ஆனா அலை அதையும் பின்னாலிருந்து தூக்கும், ஆப்புக்குச் சொன்ன அதே ஆபத்து இதில் ரெண்டு பங்கு. வள்ளத்தோட நீளம் பதிவில் இருக்கிறதிலிருந்து மாறும், மீன்வளத்துறை அலுவலகத்தில் கேக்காம அதில் கை வைக்காதீங்க.

கூடுதாழை வள்ளம்:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. டில்ட் பின்னை உள்ளுக்குத் தள்ளி, கேனையும் முன்னால வச்சுப் பாத்ததிலேயே வலைக்கட்டை தெரியுது. அரை அங்குல ஆப்பு போடலாம்னு இருக்கேன். எஞ்சினை ஒன்றரை அங்குலம் ஏத்த, கிளாம்புக்கு அடியில் கட்டை வச்சாப் போதுமா? பின்பலகைக்குள்ள மரம் நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?

பைபர் பட்டறை:

மரத்தை முதல்ல பாருங்க, உளுத்த பலகை மேல எதைச் செஞ்சும் பிரயோசனமில்லை. சின்னச் சுத்தியலால வரிசையாத் தட்டிக்கிட்டே வாங்க. நல்ல இடம் கணீர்னு பேசும், ஊறின இடம் மொத்துன்னு கேக்கும். கிளாம்பு உக்காருற இடத்தையும், தண்ணி வடியுற ஓட்டையைச் சுத்தியும் விடாம தட்டுங்க. சந்தேகம் வந்தா உள்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் பிட்டில் ஒரு ஓட்டை. வெளுத்த காஞ்ச தூள் வந்தா நல்லது. கறுத்து ஈரமா வந்தா அந்தப் பகுதியை வெட்டி எடுத்து ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் வச்சுக் கட்டணும். இன்னொரு சோதனை: எஞ்சினைத் தூக்கி வச்சு காலைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. பின்பலகை அசைஞ்சா, மூலையில் மயிரிழை விரிசல் தெரிஞ்சா, முதல் வேலை அதுதான்.

வெறும் கட்டை ஆகாது. எஞ்சின் ஒன்றரை அங்குலம் ஏறினா கிளாம்பு திருகும் அதே அளவு மேல போகும், அப்போ திருகு பலகையோட மேல்விளிம்பைப் பிடிக்கும், வழுகி எஞ்சின் கடலில் போயிரும். பலகையோட உச்சியை மொத்த அகலத்துக்கும் ஒன்றரை அங்குலம் உயர்த்தி, உள்ளேயும் வெளியேயும் ஆறு அங்குலம் கீழே வரைக்கும் மூணு மேட், ஒரு ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) போட்டு ஒரே பலகையாக்குங்க. தடிப்பு கூடுனா கிளாம்பு நுழையாது, போடுறதுக்கு முன்னால வாயை அளந்துக்கோங்க. தினமும் எஞ்சினைக் கழட்டுறவங்க போல்ட் போட முடியாது, அதனால சங்கிலி கட்டாயம். போல்ட் போடுறதா இருந்தா எஸ்.எஸ். 316. ஓட்டையைப் பெருசாப் போட்டு, எப்பாக்சியால நிரப்பி, காஞ்ச பிறகு நடுவில் திரும்ப ஓட்டை போடணும். அப்போதான் மரம் தண்ணியைப் பாக்காது. சீலுக்கு பாலியூரித்தேன். சிலிக்கான் தண்ணிக்கு அடியில் உரிஞ்சு வந்திரும்.

வாடைக்காத்து:

ஓட்டிப் பாக்கும்போது ஒவ்வொண்ணா மாத்துங்க தம்பி. எஞ்சினையும் ஆப்பையும் ஒரே நாளில் மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. அதே சுமை, அதே ஆள். நீரோட்டத்தோட ஒரு கிலோமீட்டர், எதிர்த்து ஒரு கிலோமீட்டர் ஓட்டி, ரெண்டு வேகத்தையும் கூட்டி ரெண்டால வகுங்க. ஒரு பக்க வேகத்தை மட்டும் நம்பினா நீரோட்டத்தோட வேகமும் அதில் சேர்ந்திருக்கும்.

ஆர்.பி.எம். மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. முழுச் சுமையில் முழு த்ராட்டிலில் எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை எட்டணும். எட்டலைன்னா புரொப்பல்லர் பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால போகுற கணக்குத் தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைச்சா 200 சுத்து கிட்ட ஏறும். சுமை ஏத்துற வள்ளத்துக்கு அந்தச் செலவு வீண் போகாது. ஆனா ரெண்டே ஆளோட வெறும் வள்ளமா போறப்போ த்ராட்டிலை முழுசாத் திருகாதீங்க, சுத்து எல்லை தாண்டிரும்.

ஆப்பு போட்ட பிறகு முதல் சில நாள் கடல் அமைதியா இருக்கும்போது மட்டும் கரையேறிப் பழகுங்க. அணியம் ஒரு பக்கமா இழுக்குறது தெரிஞ்சா ரெண்டு ஆப்போட தடிப்பும் ஒண்ணா இருக்கான்னு அளந்து, கூடின பக்கத்தைத் தேய்ச்சு விடுங்க. விளிம்பை மாசம் ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. மேட் தெரிய ஆரம்பிச்சா ஒரு ரோவிங் மேல போட்டுரணும்.