அப்பா காலமான பிறகு சித்தியை அமெரிக்காவுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி

வணக்கம். நான் அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். என்னைப் பெற்ற தாய் நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். 2002ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அப்பா ஒரு கோயிலில் மறுமணம் செய்துகொண்டார். அப்போது எனக்கு 16 வயது, அக்காவுக்கு 19 வயது. அந்தத் திருமணத்தை அவர்கள் உடனே பதிவு செய்யவில்லை. அப்பாவின் ஓய்வூதியக் கோப்பில் சித்தியின் பெயரைச் சேர்க்க வேண்டி வந்தபோது, 2007இல்தான் பதிவு செய்தார்கள். சான்றிதழில் திருமணம் நடந்த நாள், பதிவு செய்த நாள் ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டுள்ளன.

சென்ற ஆண்டு அப்பாவும் காலமாகிவிட்டார். சித்தி இப்போது கல்லூரியில் படிக்கும் தங்கையுடன் தனியாக இருக்கிறார். தங்கை அப்பாவுக்கும் சித்திக்கும் பிறந்தவள்; 19 வயதாகிறது. இவர்களை என்னுடன் அழைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் விசாரித்த இடங்களில் எல்லாம் வெவ்வேறு பதில்கள் கிடைக்கின்றன. உறவுக்குப் பாலமாக இருந்த அப்பாவே இல்லாதபோது சித்தி எனக்குச் சட்டப்படி யாரும் இல்லை என்கிறார் ஒருவர். அக்கா பல ஆண்டுகளுக்கு முன்பே குடியுரிமை பெற்றவர் என்பதால் அவர் விண்ணப்பிப்பதே நல்லது என்கிறார் இன்னொருவர். இதற்கிடையில் எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா தாயின் பெயர் என்ற இடத்தில் சித்தியின் பெயரை எழுதிக் கொடுத்தார். என் பழைய இந்தியக் கடவுச்சீட்டிலும் அதுவே வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெற்ற தாயின் பெயர் உள்ளது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

குடிவரவு வழக்குகளுக்கான கோப்புகளைத் தயாரிப்பது என் வேலை. நான் வழக்கறிஞன் அல்லன்; ஆனால் இந்த வகைக் கோப்புகளை அடிக்கடி கையாள்கிறேன்.

உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு கருத்துகளுமே தவறானவை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில், பெற்றோரின் மறுமணம் நடந்தபோது பிள்ளைக்கு 18 வயது நிறைவடையாமல் இருந்தால்தான் மாற்றாந்தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு பெற்றோர்–பிள்ளை உறவாகக் கொள்ளப்படும். உங்களுக்கு அப்போது 16 என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். அக்காவுக்கு 19 ஆகிவிட்டதால், அவர் எத்தனை ஆண்டுகளுக்கு முன் குடியுரிமை பெற்றிருந்தாலும், எவ்வளவு வசதியோடு இருந்தாலும், சித்திக்காக விண்ணப்பிக்க முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்த இருவரில் ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை என்பது விசித்திரமாகத் தோன்றினாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சித்தி உங்களைத் தத்தெடுத்திருக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். தத்து என்பது வேறு பிரிவு. உங்களுக்கு அது தேவையில்லை.

அப்பாவின் மறைவால் உறவு தானாக அறுந்துவிடுவதில்லை. குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1981இல் மௌரர் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. திருமணம் மணவிலக்கினாலோ மரணத்தினாலோ முடிந்துபோயிருந்தால், மாற்றாந்தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே குடும்ப உறவு நடைமுறையில் தொடர்கிறதா என்பதையே அதிகாரி பார்க்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் 2002ஆம் ஆண்டுத் திருமணத்தை நிறுவினாலே போதும், பாசத்துக்குச் சான்று தேவைப்பட்டிருக்காது. இப்போது அப்பா இல்லாததால், அவர் மறைவுக்குப் பிறகும் நீங்கள் இருவரும் தாயும் மகனுமாகவே இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே அப்பா இறந்த நாளுக்குப் பிந்தைய சான்றுகளுக்கு எடை அதிகம். நீங்கள் மாதந்தோறும் அனுப்பும் பணத்துக்கான வங்கிப் பதிவுகள், நீங்கள் ஊருக்குச் சென்றதைக் காட்டும் கடவுச்சீட்டு முத்திரைகள், சித்தியின் மருத்துவச் செலவை நீங்கள் கட்டியதற்கான ரசீதுகள், அப்பாவின் திதியில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் ஆகியவற்றைச் சேகரியுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை நூற்றுக்கணக்கான பக்கங்களாக அச்சிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்; மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கங்கள் போதும்.

பள்ளிச் சான்றிதழ் விவகாரத்தில் மிகுந்த கவனம் தேவை. உறவினரை அழைத்துக்கொள்ள முதலில் கொடுக்கும் ஐ-130 படிவத்தின் தொடக்கத்திலேயே உறவின் வகையைக் கேட்கும் இடத்தில் மாற்றாந்தாய்க்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதைத்தான் குறிக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டில் சித்தியின் பெயர் இருக்கிறதே, அவரைப் பெற்ற தாயாகவே காட்டிவிட்டால் வேலை எளிதாக முடியுமே என்று ஆலோசனை கூறுகிறவர்கள் உண்டு. அது பொய்த் தகவல் அளித்த குற்றமாகி, சித்திக்கு அமெரிக்க நுழைவையே நிரந்தரமாக அடைத்துவிடக்கூடும். உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் தாயின் பெயராக எதைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் நகல்களை எடுத்துப் பாருங்கள். அங்கும் சித்தியின் பெயர் இருந்தால், உறுதிமொழிப் பத்திரம் தயாரிக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். பள்ளி ஆவணத்திலும் கடவுச்சீட்டிலும் மட்டும்தான் என்றால், அப்பா ஏன் அவ்வாறு எழுதினார் என்பதை நான்கைந்து வரிகளில் உள்ளபடி விளக்கி உறுதிமொழிப் பத்திரம் இணைத்தால் போதும். சொல்லப்போனால் அந்தப் பள்ளிப் பதிவு உங்களுக்குச் சாதகமானது. நீங்கள் 18 வயதை எட்டும் முன்பே அவர் அந்த வீட்டில் தாயின் இடத்தில் இருந்தார் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாம் மறுமொழி

முதல் மறுமொழியில் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் திருமணச் சான்றிதழைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் கோப்பில் சிக்கல் வரக்கூடிய இடம் அதுதான்.

2007இல் உங்களுக்கு 21 வயது. அவசரமாகக் கோப்பைப் புரட்டும் அதிகாரியின் கண்ணில் பதிவு நாள் மட்டும் பட்டால், திருமணத்தின்போது உங்களுக்கு 18 வயது கடந்துவிட்டது என்று முடிவு செய்து, கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் அனுப்பிவிடுவார். இந்து திருமணச் சட்டம், 1955இன்படி திருமணம் செல்லுபடியாவது சடங்கினால்தான், பதிவினால் அன்று. ஏழாம் பிரிவு சடங்கைப் பற்றியது. எட்டாம் பிரிவு பதிவைப் பற்றியது. பதிவேட்டில் எழுதாமல் விட்டதால் திருமணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று அந்தப் பிரிவே கூறுகிறது. விண்ணப்பத்துடன் வைக்கும் முகப்புக் கடிதத்தில் இதை ஒரு பத்தியாக எழுதி, அந்தப் பிரிவுகளின் நகலையும் இணைத்துவிடுங்கள். அதிகாரி கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பதில் மாதங்கள் வீணாகும்.

அடுத்ததாக, 2002இல் சடங்கு நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்றுகளைத் தேடுங்கள். கோயிலில் திருமணத்துக்குக் கட்டணம் கட்டிய ரசீது கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. அழைப்பிதழ் அச்சிட்டிருந்தால் அதில் சித்திரபானு வருடம் வைகாசி மாதம் இத்தனையாம் நாள் என்றும், அருகிலேயே ஆங்கிலத் தேதியும் இருக்கும். மொழிபெயர்ப்பவர் தமிழ்த் தேதியையும் விடாமல் எழுத வேண்டும். இரண்டும் ஒரே நாளைக் குறிக்கின்றனவா என்று நீங்கள் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். மறுமணம் என்பதால் அழைப்பிதழ் அச்சிடாமல் எளிமையாக முடித்திருந்தால், நேரில் கலந்துகொண்ட இருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். அவர்கள் தங்கள் பிறந்த நாள், முகவரி, உங்கள் குடும்பத்துடன் உள்ள தொடர்பு, அன்று தாங்கள் கண்டது ஆகியவற்றைச் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். இரண்டு பத்திரங்களும் பெயரை மட்டும் மாற்றிய ஒரே நகலாக இருந்தால் மதிப்புக் குறைந்துவிடும். 2002க்கும் 2004க்கும் இடைப்பட்ட காலத்தில் சித்தியின் பெயர் சேர்க்கப்பட்ட குடும்ப அட்டை இருந்தால் மறக்காமல் வையுங்கள்.

பலர் கவனிக்காத ஆவணம் ஒன்றும் இருக்கிறது. அப்பா காலமான பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றிருப்பீர்கள். அதில் சித்தி மனைவி என்றும், நீங்களும் அக்காவும் தங்கையும் பிள்ளைகள் என்றும் ஒரே தாளில் அரசு முத்திரையுடன் இருக்கும். குடும்ப ஓய்வூதியம் சித்திக்கு மாற்றப்பட்ட ஆணையையும் அதனுடன் வைத்துவிட்டால், அவர் அப்பாவின் சட்டப்படியான மனைவி என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. பெற்ற தாயின் இறப்புச் சான்றிதழ் கட்டாயம் தேவை, ஏனெனில் முதல் திருமணம் முடிந்த பின்னரே இரண்டாவது நடந்தது என்று காட்டாவிட்டால் இரண்டாம் திருமணமே செல்லாது என்ற கேள்வி எழும். சித்திக்கும் அது மறுமணம் என்றால், அவருடைய முந்தைய திருமணம் முடிந்ததற்கான சான்றையும் அப்படியே வைக்க வேண்டும்.

தமிழில் உள்ள எல்லாத் தாள்களுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் அறிந்தவர் என்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட உறுதியுரையும் வேண்டும். நோட்டரி தேவையில்லை. நீங்களே மொழிபெயர்க்காமல் வேறொருவரைக் கொண்டு செய்வது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் விண்ணப்பங்களின் நகல்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பெற்ற தாயின் பெயர்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழும் கையில் உள்ளது. கோயில் ரசீதைப் பற்றி மாமாவிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சித்தியிடம் ஏற்கெனவே சுற்றுலா விசா இருக்கிறது. அவர் வழக்கம்போல் வந்து தங்கியிருக்கும்போதே இங்கிருந்தபடி விண்ணப்பித்துவிடலாமா? தங்கை சித்தியுடன் சேர்ந்து வர முடியுமா?

மூன்றாம் மறுமொழி

என் மனைவியின் மாற்றாந்தாய்க்கு இதே முறையில் கிரீன் கார்டு பெற்றோம் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாவது ஐயத்துக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. தங்கையால் சித்தியுடன் வர முடியாது. குடிமகனின் பெற்றோர் என்பது ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உட்படாத நெருங்கிய உறவினர் பிரிவு. வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் நன்மை, விண்ணப்பத்தில் உள்ளவரோடு பிள்ளைகள் எவரும் ஒட்டிக்கொண்டு வர முடியாது என்பது அதன் குறை. சித்தி கிரீன் கார்டு பெற்ற பிறகு, மணமாகாத மகள் என்ற வகையில் அவர் தங்கைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குள் தங்கைக்கு 21 நிறைந்துவிட்டால் வரிசை மிகவும் நீளும். சித்தி குடியுரிமை பெறுவதற்கு முன் தங்கைக்குத் திருமணம் நடந்துவிட்டால் அந்த விண்ணப்பமே ரத்தாகிவிடும், ஏனெனில் கிரீன் கார்டு மட்டுமே உள்ளவர் மணமான மகளுக்கு விண்ணப்பிக்க இயலாது. ஒரே தந்தையின் பிள்ளைகள் என்ற முறையில் நீங்கள் அண்ணனாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியர்களுக்கான காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டியது. எனவே படித்து முடிக்காத, மணமாகாத மகளை விட்டுவிட்டு சித்தி உங்களிடம் வந்து தங்குவாரா என்பதை அவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். விதவையான தாயை அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற வேகத்தில் பிள்ளைகள் கேட்க மறப்பது இதைத்தான்.

சுற்றுலா விசாவைப் பொறுத்தவரை, முறைப்படி நுழைந்த பெற்றோர் இங்கிருந்தபடியே நிலைமாற்றத்துக்கு, அதாவது ஊர் திரும்பாமலே கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, சுற்றிப்பார்க்க வந்ததாக விமான நிலையத்தில் சொல்லி நுழைவது பொய்யுரையாகிவிடும். நீங்கள் இப்போதே திட்டமிடுகிறீர்கள். ஆகவே நேர்வழி, ஐ-130 விண்ணப்பித்து, தேசிய விசா மையத்தின் வழியாக மும்பையில் நேர்காணலுக்குச் செல்வதுதான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசாவில் வந்தால் நுழைவாயிலில் கேள்விகள் வரும். உண்மையைச் சொல்லி, திரும்பும் பயணச்சீட்டுடன் வரலாம்; ஆனாலும் அனுமதிப்பது அந்த அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது.

செலவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்டபடி ஐ-130க்கு இணையவழியில் 625 டாலர், தாளில் 675 டாலர். பின்னர் விசா மையத்தில் 325 டாலரும் ஆதரவு உறுதிப் பத்திரத்துக்கு 120 டாலரும் கட்ட வேண்டும். சித்தியின் பராமரிப்புக்கு நீங்கள் பொறுப்பேற்கும் அந்த ஆதரவு உறுதிப் பத்திரத்தை (ஐ-864) கையொப்பமிடும் முன் முழுவதும் படியுங்கள். சித்தியையும் சேர்த்துக் கணக்கிட்ட குடும்ப அளவுக்கு, வறுமைக்கோட்டின் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டு அளவுகோலின்படி அது ஏறத்தாழ 40,187 டாலர். சித்தி குடியுரிமை பெறும் வரையோ, ஏறக்குறைய பத்தாண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும் வரையோ அந்தப் பொறுப்பு உங்களை விடாது.

அதைவிடப் பெரியது மருத்துவக் காப்பீடு. 65 வயதை எட்டினாலும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே நிரந்தரமாக வசித்திராத ஒருவர் தம் பெயரில் பணம் கட்டிக்கூட, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் சேர முடியாது. அதுவரை தனியார் நிறுவனங்களின் காப்பீட்டைச் சந்தையில் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் விண்ணப்பக் கட்டணங்கள் எல்லாவற்றையும்விட அதற்கே கூடுதலாகச் செலவாயிற்று. கிரீன் கார்டு பெற்றதும் சித்தியின் குடும்ப ஓய்வூதியமும் வைப்புத்தொகை வட்டியும் அமெரிக்க வரிக் கணக்கில் சேரும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

தங்கையின் படிப்பு முடியும் வரை சித்தி ஊரில் இருக்க விரும்பினால், கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும் எண்ணம் வேண்டாம். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அதை இழக்க நேரிடும். மறுநுழைவு அனுமதி வாங்கினால் இரண்டு ஆண்டுகள் வரை சமாளிக்கலாம், ஆனால் அதற்கு அவர் அமெரிக்காவில் இருக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலையில், தங்கைக்கு 21 ஆவதற்குள் சித்தி குடியேறித் தங்கைக்கு விண்ணப்பித்துவிடுவதா, அல்லது படிப்பு முடிந்த பின் எல்லாவற்றையும் தொடங்குவதா என்பதை மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகு கட்டணத்தைச் செலுத்துங்கள்.